ஜாக்கெட்டுக்காகப் பட்டினி கிடக்கலாமா?

கேள்வி: அலமாரியில் இருக்கும் ஜாக்கெட் ஒன்றும் ஏறவில்லை. டயட் இருந்து இளைத்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். தோழியோ, "டயட்டை விடு, தையல் மெஷினைத் தூசு தட்டு" என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: தோழி பேச்சைத்தான். கடையில் தொங்கும் 'எம்', 'எல்' எழுத்துகளை ஏதோ டாக்டர் சீட்டு மாதிரி நினைத்துப் பயப்படுகிறோம். அவற்றின் பூர்வீகம் தெரிந்தால் பயம் பாதி போய்விடும். 1939-40இல் அமெரிக்க வேளாண் துறை (நெல், சோளம் பார்க்கும் அதே துறைதான்) ஏறத்தாழ 15,000 பெண்களை நிற்கவைத்து, ஆளுக்கு 59 அளவு எடுத்தது. வெள்ளையர் அல்லாதவர்களின் அளவைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்தக் கணக்கை வைத்து 1958இல் வந்த அதிகாரப்பூர்வ அளவுப் பட்டியல் 1983இல் திரும்பப் பெறப்பட்டது. இப்போது ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு அளவை ஒட்டுகிறது. ஒரு கடையில் 'எம்'மாக இருந்தவர் அடுத்த கடையில் 'எக்ஸ்எல்' ஆவதற்கு வழியில் சாப்பிட்ட பஜ்ஜி காரணம் இல்லை.

"சராசரி உடம்பு என்று ஒன்று இருக்குமே, அதற்குத்தானே தைக்கிறார்கள்?" என்று கேட்கலாம். அமெரிக்க விமானப்படையும் அப்படித்தான் நம்பியது. 4,063 விமானிகளின் உடலளவுகளில் 10ஐ எடுத்து, பத்திலும் சராசரிக்குப் பக்கத்தில் வருபவர் எத்தனை பேர் என்று 1952இல் பார்த்தார்கள். ஒருவர்கூட இல்லை. இத்தனைக்கும் உயரம், எடை பார்த்துப் பொறுக்கி எடுத்த ஆட்கள். அதற்காக யாரையும் இளைத்துவிட்டு வரச் சொல்லவில்லை. ஆளுக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளும் இருக்கைகளைக் கொண்டுவந்தார்கள். நம் ஊர் டெய்லர்களுக்கு இந்த ஞானம் எப்போதோ வந்துவிட்டது. பக்கத் தையலில் ஒரு அங்குலம் துணியை உள்ளே விட்டு, இரண்டு மூன்று வரி தையல் போட்டுக் கொடுக்கிறார்களே, எதற்கு? உடம்பை ஒட்டிய வரியைப் பிரித்தால் ஜாக்கெட் இளகும். மறுபடி இளைத்தால் அதே இடத்தில் ஒரு தையல். உடம்பு ஏறும், இறங்கும் என்பதை எதிர்பார்த்தே தைத்த உடை அது.

கேள்வி: டயட்டை விட்டால் எடை கன்னாபின்னாவென்று ஏறிவிடாதா?

பதில்: டயட் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று முதலில் பார்ப்போம். 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான ஆண்களை 24 வாரம் அரைப் பட்டினி போட்டார். எடை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. கூடவே சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போய், சிலர் சமையல் புத்தகம் சேர்க்கவே ஆரம்பித்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் எவ்வளவு தின்றும் அடங்காத பசி. இன்னொன்று, அமெரிக்க டிவியில் எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை 6 ஆண்டு கழித்துச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு. சராசரியாக 58 கிலோ இளைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பி வந்திருந்தது. போதாக்குறைக்கு, அந்த எடைக்கு உடம்பு ஓய்வில் செலவழிக்க வேண்டியதைவிட தினமும் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. 'அவர்கள் அளவு மீறிச் செய்தார்கள், நான் ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தியோடு நிறுத்துகிறேன், அவ்வளவுதான்' என்பீர்கள். சரி, அதில் பாதகம் குறைவுதான். ஆனால் முகூர்த்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு இருக்கும் டயட் இரண்டு சப்பாத்தியோடு நிற்பதில்லை.

ஒரு ஆட்சேபம் மட்டும் நியாயமானது. சர்க்கரைக்காகவோ கொழுப்புக்காகவோ மருத்துவர் சாப்பாட்டை மாற்றச் சொன்னால் அது வைத்தியம். தட்டாமல் கேளுங்கள், நடக்கச் சொன்னால் நடங்கள். அதன் பலனை ரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும், ஜாக்கெட் ஹூக்கில் அல்ல. எடை இறங்காவிட்டாலும் நடையால் சர்க்கரை இறங்கும்.

கேள்வி: அப்படியென்றால் தொளதொள நைட்டியே போதுமே, தையல் எதற்கு?

பதில்: வீட்டோடு இருக்கலாம் என்றால் போதும். ஆனால் உடம்பை மூட்டை கட்டி மறைப்பதும் அதைத் தண்டிக்கும் இன்னொரு வழிதான். பொருந்துவது என்றால் இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. கையைத் தூக்கிப் பரணிலிருந்து டப்பா எடுக்கும்போது ஜாக்கெட் கூடவே மேலேறாமல் இருப்பது. புதிதாகத் தைப்பவர்கள் அக்குளில் பிடிக்கிறது என்றதும் கைக்குழியைக் கீழே இறக்கி வெட்டுவார்கள். அதில்தான் வினை. குழி இறங்க இறங்க, கை தூக்கினால் பக்கத் துணி முழுக்கச் சேர்ந்து இழுபடும். அகலம்தான் போதவில்லை என்றால் பக்கத் தையலை இளக்க வேண்டும். அப்புறம் லைனிங். பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே சுருங்கும். பழி மட்டும் உங்கள் உடம்பின் மேல் விழும்.

தைக்க நேரமில்லை என்றால் டெய்லரிடமே கொடுங்கள், தப்பில்லை. ஆனால் பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பாதீர்கள்; அது ஐந்து வருஷத்துக்கு முந்தைய உடம்பின் அளவு. நாடாவைப் போட்டுப் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்காதீர்கள். நாள் முழுக்க அந்த ஜாக்கெட்டுக்குள் மூச்சு விட வேண்டியது நீங்கள்தான்.