இரண்டு கரை, ஒரு மண்டை

கே: ஐரோப்பாவில் 27 நாடுகள் ஒன்றாக இருக்கின்றன. நம்முடைய வடக்கும் கிழக்கும் இரண்டே இரண்டு. அதுகூட ஏன் ஒட்டவில்லை? (களுவாஞ்சிகுடி)

ப: 1951இல் ஆறு நாடுகள் நிலக்கரி, உருக்கு வியாபாரத்தில்தான் தொடங்கின. பாசம் பிறகு வந்தது; வந்ததா என்பது வேறு கதை. இங்கே 1987 ஜூலையில் டெல்லியும் கொழும்பும் ஒப்பந்தம் போட்டன. 1988 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே.ஆர். இரண்டு மாகாணங்களையும் இணைத்தார். மூன்று சமூகமும் வாழும் கிழக்கில் அந்த வருடம் முடிவதற்குள் வாக்கெடுப்பு வைப்பதாகப் பேச்சு. வைக்கவில்லை, தள்ளிக்கொண்டே போனார்கள். 2006 ஒக்டோபரில், இணைத்த முறை செல்லாது என்றது உயர் நீதிமன்றம். 2007 ஜனவரி 1 முதல் தனித்தனி. தாலி கட்டும்போதும் பெண்ணைக் கேட்கவில்லை, கழற்றும்போதும் கேட்கவில்லை. பிரித்தானியர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது புத்தியா என்று வாதாடலாம். ஆனால் 2016இல் சனங்களைக் கேட்டார்கள், 51.9 வீதம் 'போவோம்' என்றது.

கே: கேட்டிருந்தால் மட்டும் சனங்கள் யோசித்தா வாக்குப் போட்டிருப்பார்கள்? (ஏறாவூர்)

ப: யோசனை பல நேரம் பிறகுதான் வருகிறது. கடும் வலிப்புக்காக, மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கட்டை அறுத்துவிட்ட ஒருவரை அமெரிக்காவில் மூளை ஆய்வாளர் மைக்கேல் கசானிகா சோதித்தார். பேசும் இடப் பாதிக்குக் கோழிக்காலைக் காட்டினார். பேசாத வலப் பாதிக்குப் பனி மூடிய வீட்டை. எதிரே கிடந்த படங்களில் வலக்கை கோழியைத் தொட்டது, இடக்கை சவலைத் தொட்டது. "சவல் எதற்கு?" பனியைப் பார்த்தேயிராத இடப் பாதி தயங்கவேயில்லை. கோழிக்கூட்டைத் துப்புரவாக்கவாம்! பொய் சொல்லவில்லை, பாவம்; அதை நம்பியே சொன்னது. நம்மூரில் கட்சி மாறியவர் விடும் அறிக்கையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கோழிக்கூடு தெரியும்.

கே: அப்படியொரு இணைப்பு நமக்கும் உண்டா? (கொக்கட்டிச்சோலை)

ப: மூளையில் அது ஏறக்குறைய 20 கோடி நார். நமக்கு வாவியின் மேல் மண்முனைப் பாலம்; 2014இல்தான் வந்தது. அதற்கு முன் ஆளையும் சாமானையும் ஏற்றி மிதந்த 'பாதை'தான். மோட்டார் சைக்கிள், நெல்மூடை, தயிர்ச்சட்டி, காய்ச்சல்காரப் பிள்ளை எல்லாம் ஒரே தட்டில். பாதை அக்கரையில் நின்றால் வெயிலில் காய வேண்டியதுதான். மேற்கே படுவான்கரையில் நெல்லும் தயிரும், கிழக்கே எழுவான்கரையில் ஆஸ்பத்திரியும் கந்தோரும். இரண்டையும் சேர்த்து வைத்தது மேடைப் பேச்சா என்ன? ஐரோப்பியச் சமூகமும் 1985இல்தான் கொடியைக் கையில் எடுத்தது. அதுவரை முப்பது வருடத்துக்கு மேல் சரக்குத்தான் ஓடியது.

கே: மூளையில் 10 வீதத்தைத்தான் பாவிக்கிறோமாமே? (ஆரையம்பதி)

ப: உடல் நிறையில் 2 வீதம் இருந்துகொண்டு சக்தியில் 20 வீதத்தைத் தின்கிறது. சும்மா கிடக்கவா இவ்வளவு சோறு? முழுவதையும்தான் பாவிக்கிறோம். சும்மா கிடப்பதைப் பார்க்க ஆசையென்றால் கிழக்கு மாகாண சபை இருக்கிறது. 2017 செப்டெம்பரில் காலம் முடிந்தது. பிறகு வருடக்கணக்கில் தேர்தலைக் காணோம்.

கே: இல்லாத காலும் வலிக்குமா? (வாகரை)

ப: யுத்தம் கால் எடுத்த வீடுகளில் கேளுங்கள், சொல்வார்கள். கால் போனாலும் மூளைக்குள் அதற்கென்று இருந்த இடம் போவதில்லை. மூளை ஆய்வாளர் வி.எஸ். இராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்காக ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையாகக் காட்டினார். இறுகிக் கிடந்த 'கை' விரிந்ததாக உணர்ந்து சிலருக்கு வலி தணிந்தது. மாகாணங்களைப் பிரித்து இத்தனை வருடமாகியும் மேடை ஏறினால் 'வடகிழக்கு' என்றே நாக்குப் புரள்கிறதே, அது எந்த வகை வலி என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கே: கல்லடி வாவியில் பாடுவது மீனா, நம் மூளையா? (நாவற்குடா)

ப: நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வையுங்கள், பாட்டுக் கேட்கும். மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வருவது வெறும் அதிர்வு, அதைப் பாட்டாக்குவது மூளை என்பதும் சரிதான். ஆனால் லாங் அடிகளார் அதை நாடாவில் பதிந்து, வானொலியிலும் போட்டாயிற்று. நாடாவுக்கு ஏது மூளை?