சம்பளம் இல்லாத நாய்க்கார உத்தியோகம்

பேராண்டி, கொழும்புல உனக்குப் புது உத்தியோகம் கெடைச்சிருக்குன்னு உங்கம்மா போன்ல சொல்லுச்சு. கம்பெனி வேல போக, ஞாயித்துக்கெழம ஆனா நாய்க் காப்பகத்துக்குப் போயி, கூண்டுல கெடக்குற நாய்ங்கள வெளிய நடக்கக் கூட்டிட்டுப் போற வேலையாம். சம்பளம் எவ்வளவுன்னு கேட்டேன். சம்பளமே கெடையாது, பஸ் காசும் நம்ம கைக்காசுதான்னுச்சு. நல்லாருக்குடா ராசா. நாள் சம்பளம் 1,000 ரூவா வேணும்னு இந்தத் தேயிலை மலையில நாங்க வருசக்கணக்காக் கத்தி 2021லதான் வாங்குனோம். எங்க வம்சத்துல ஒருத்தன் சும்மா வேலைக்குப் போறான்னு கேட்டா, தொழிற்சங்கத்துத் தலைவருக்கு மயக்கமே வந்துரும்.

ஆனா இந்த உத்தியோகம் நம்ம குடும்பத்துக்குப் புதுசில்ல. உன் பூட்டன், அதான் எங்கப்பாரு, தோட்டத்து வெள்ளக்காரத் தொர பங்களாவுல நாய்க்காரனா இருந்தவரு. எல்லாரும் காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போனா, அவரு பங்களா பின்கதவுக்குப் போவாரு. ரெண்டு சீமை நாய். கறி வேகவச்ச தண்ணியில சோத்தப் பெசஞ்சு மொதல்ல அதுங்களுக்கு வைக்கணும். அப்பறம் சங்கிலியப் புடிச்சுக்கிட்டு பங்களா ரோட்டுல மேலயும் கீழயும் நடை. நடந்து முடிச்சு லயத்து வீட்டுக்கு வந்து அவரு திங்கிறது கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும். அந்த நாய்ங்களுக்கு அவரக் கண்டா உசுரு. தொரைக்கு அவரு பேரு கடைசி வரைக்கும் தெரியாது.

வெள்ளக்காரனுக்கு நாய்னா அப்படி ஒரு கிறுக்கு. நுவரெலியாவுல பேக்கர்னு ஒரு தொர, கூட்டமா வேட்டநாய் வளத்து மரை வெரட்டுனவன், 1854ல அந்த வேட்டையப் பத்திப் புஸ்தகமே போட்டுட்டான். நாய்ங்க பேரெல்லாம் அதுல இருக்காம். இப்பக் கதை மாறிப்போச்சு. தெக்க மிதிகமப் பக்கம் அனிமல் எஸ்.ஓ.எஸ்.னு ஒரு காப்பகம் இருக்கு. நம்ம ஊரு தெருநாயப் பாத்துக்க சீமையிலேருந்து டிக்கெட்டுப் போட்டு வர்றாங்க. அன்னைக்கு அவன் நாய்க்கு நாம வேல செஞ்சோம், இன்னைக்கு நம்ம நாய்க்கு அவன் சும்மா வேல செய்யிறான். சாவுறதுக்கு முன்ன இதக் கேக்குற பாக்கியம் எனக்குக் கெடைச்சிச்சே!

நீ நெனைக்கலாம், லயத்துல கெடக்குற கெழவனுக்கு இதப் பத்தி என்னா தெரியும்னு. நம்ம லயத்து நாய்க்குக் கட்டும் இல்ல, கூண்டும் இல்ல. அது கொழுந்து மலைக்குப் போவுது, கோயிலுக்குப் போவுது, சாவு வீட்டுக்கும் நமக்கு முன்ன போயி உக்காருது. அத யாரும் நடக்கக் கூட்டிட்டுப் போறதில்ல. கூண்டு நாய் சங்கதி வேற. நாள் முழுக்க நாலு பக்கமும் கம்பி, சுத்திக் கொரைப்பு. சிலது நின்ன எடத்துலயே சுத்திச் சுத்தி வரும். நாய் எடுத்து வளக்க ஒரு குடும்பம் வந்து நின்னா, கம்பியில பாஞ்சு கத்தும். வந்தவங்க பயந்து அடுத்த கூண்டுக்குப் போயிருவாங்க. அந்தக் கத்தல்ல பாதி கோவமில்லடா, கால் அடங்காத தவிப்பு. வாரா வாரம் ஒருத்தன் வெளிய கூட்டிட்டுப் போனா, கயித்துக்கு அடங்கி நடக்க, மனுசனக் கண்டா நிக்கக் கத்துக்கும். அப்பறம் ஒரு வீடு அதக் கூட்டிட்டுப் போவும். ஒன் வேல நாய நடத்துறது இல்ல, கூண்டக் காலி பண்றது. அது வீடு போய்ச் சேந்துட்டா ஒன் மூஞ்சியே அதுக்கு மறந்து போவணும். அதுக்கு மனசு தாங்கலைன்னா இப்பவே சொல்லிரு, பஸ் காசாவது மிஞ்சும்.

உன் பூட்டன் சொல்லிக்குடுத்தது நாலு இருக்கு, கேட்டுக்க. கூண்டத் தொறந்ததும் மேல குனிஞ்சு தலையத் தடவப் போகாத. பக்கவாட்டுல திரும்பி குந்து, கண்ண நேராப் பாக்காத, கையத் தொங்கவுடு, அதுவே வந்து மோந்து பாக்கட்டும். வால ஆட்டுதுன்னு எல்லா நாயும் சிநேகம்னு நம்பாத. நம்ம ஆளுங்க எலெக்சன்ல சிரிப்ப நம்பி ஓட்டுப் போட்டு ஏமாந்தது போதும். தூக்கம் வராதப்பவே கொட்டாவி விட்டா, நாக்கால மூக்க நக்கிக்கிட்டே இருந்தா, அதுக்குப் பயம்னு அர்த்தம். அப்ப கிட்டப் போகாத.

கயித்த மணிக்கட்டுல சுத்திக் கட்டாத. பூனையக் கண்டு ஒரே இழுப்பு இழுத்தா கையோட நீயும் போவ. வளையத்தப் பெருவெரல்ல மாட்டி, மீதியை மடிச்சு உள்ளங்கையில புடி. அப்பறம் ஓட்டப் போட்டிக்குப் போறாப்ல இழுத்துட்டு ஓடாத. அது ஒரு தூணு கிட்ட நின்னா நீயும் நில்லு. நேத்து யாரு வந்தா, எந்த நாய் போச்சு, யாரு வீட்டுல கருவாடுன்னு மூக்காலேயே படிச்சுக்கிட்டு இருக்கும். நீ போன நோண்டுற நேரத்துல பாதி குடுத்தாலே அதுக்குப் போதும்.

இந்தப் பக்கம் என்னைக்காவது நாயோட வந்தா கயித்த அவுத்து மட்டும் வுட்டுறாத. தேயிலைக்குள்ள பன்றிக்குன்னு சுருக்குக் கம்பி கட்டி வச்சிருக்கானுங்க. பன்றி மட்டுமில்ல, சிறுத்தையும் அதுல மாட்டிச் சாவுது, நாயும் மாட்டும். அந்தச் சிறுத்தைக்கும் நாய்க்கறின்னா விருந்து. மழ பேஞ்சா அட்டை. நடந்து வந்ததும் நாயோட கால்வெரல் இடுக்க விரிச்சுப் பாரு, மூக்கு ஓட்டையையும் பாரு. மூக்குக்குள்ள அட்டை பூந்துட்டா நாய் தும்மித் தும்மி ரத்தமா ஒழுக்கும். அப்ப நீ கைய வைக்காம டாக்டர்கிட்டக் குடு.

பல்லு பட்டுச்சுன்னா வெளையாட்டு வேணாம். காப்பித்தூள் அப்புறது, மொளகாய் வைக்கிறது எல்லாம் கெழடுங்க வைத்தியம், கெழவன் நானே சொல்றேன், செய்யாத. சவக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவு, அப்பறம் நேரா கவுருமெண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. அங்க ஊசி சும்மாதான். நாயோட பழகப் போறவன் கடிபடுறதுக்கு முன்னயே தடுப்பூசி போட்டுக்கணும், அதயும் கேட்டுப் போட்டுக்க. 1973ல மட்டும் இந்த நாட்டுல விசர்நாய்க்கடியில செத்தது 377 பேரு. இப்ப வருசத்துக்கு இருவது முப்பதுக்குக் கொறைஞ்சிருக்கு. அந்தக் கணக்குல நம்ம பேரு வரவேணாம்.

இப்ப ஒரு சங்கதி சொல்றேன், சிரிக்காமக் கேளு. நம்ம பக்கத்து மீரியபெத்தத் தோட்டத்துல லயத்து மேல மண்ணு சரிஞ்சது 2014 அக்டோபர் 29. நீ அப்பச் சின்னப் பய. தப்பிச்சவங்கள மொதல்ல பள்ளிக்கூடத்துல வச்சாங்க, அப்பறம் பழைய தேயிலை ஸ்டோருக்குள்ள தடுப்புத் தட்டிக் குடும்பம் குடும்பமா வச்சாங்க. வீடு கட்டிக் குடுக்க கிட்டத்தட்ட ரெண்டு வருசம் ஆச்சு. மொத வாரம் நம்ம ரோட்டுல வண்டி நிறுத்த எடம் இல்ல. பிஸ்கட்டு, பாய், போத்தல் தண்ணி, போட்டோ. ஒரு புள்ளயத் தூக்கி வச்சு நாலு பேரு மாறி மாறிப் படம் புடிச்சாங்க. அடுத்த மாசம் வண்டி கொறைஞ்சிச்சு. அதுக்கடுத்து மழ வந்திச்சு, யாரும் வரல.

ஒரு டீச்சரம்மா மட்டும் வந்துச்சு. கையில ஒண்ணும் கொண்டு வரல. புள்ளைங்கள வரிசையா வெளிய கூட்டிட்டுப் போயி, கொஞ்ச தூரம் நடக்க வச்சு, ஒரு மரத்தடியில உக்கார வச்சுக் கணக்குப் போட வச்சிட்டுத் திரும்பக் கூட்டிட்டு வரும். அடுத்த வாரமும் வந்துச்சு, அதுக்கடுத்த வாரமும் வந்துச்சு. புள்ளைங்க அந்த நாளுக்கு மொதநாளே தலை சீவிக்கிட்டுக் காத்துக்கெடந்துச்சுங்க. மனுசனையும் நாயையும் ஒண்ணாக்குறேன்னு நெனைக்காத. அடைபட்டுக் கெடக்குறவனுக்கு வந்தவன விட திரும்பி வந்தவன்தான் பெருசு. மொத ஞாயித்துக்கெழம போறதுக்கு ஆசை போதும். எட்டாவது ஞாயித்துக்கெழம, மழையில, கல்யாண வீட்ட விட்டுட்டுப் போறதுக்குத்தான் தொண்டுன்னு பேரு.

தருமருகூட அப்படித்தான். கூத்துக்காரங்க சொல்லக் கேட்டிருப்ப, தம்பிமாருங்க வழியிலேயே விழுந்துட்டாங்க, சொர்க்கத்து வாசல் வரைக்கும் கூட நடந்தது ஒரு நாய்தான். நாய விட்டுட்டு ஏறுன்னு இந்திரன் சொன்னப்ப முடியாதுன்னுட்டாரு. அவருகிட்ட அன்னைக்குப் போன் இல்ல, அதனால படம் எடுத்துப் போடல. நீயும் போடாம இருந்து பாரு, நாய்க்கு ஒண்ணும் கொறைஞ்சிறாது.

சரி, இவ்வளவு நேரம் கெழவன் எதுக்கு இழுக்குறான்னு யோசிப்ப. சொல்லிர்றேன். காப்பகம் நெறையிறது கொழும்புல இல்லடா, இங்க. நம்ம லயத்துக் கருப்பி இப்ப மூணாவது ஈத்து போட்டிருக்கா. ஆண் குட்டிங்கள ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பொட்டைக் குட்டிங்கள எவனோ சாக்குல கட்டி, வெல்லவாயப் பஸ் போற ரோட்டு வளைவுல வச்சிட்டு வந்துட்டான். எவன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன், அவன் எனக்கு மாப்பிள முறை. இதுக்கு வழி இல்லாம இல்ல. சென்னையில கேப்டன் சுந்தரம்னு ஒரு விமானக்காரரு 1959ல ப்ளூ கிராஸ்னு மிருகங்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சாரு. நாயக் கொல்ல வேணாம், கருத்தடை பண்ணித் திரும்ப விடுங்கன்னு 1964லேருந்தே அவங்க சொல்லிக்கிட்டு இருக்காங்க. நம்ம நாட்டுல 2006லதான் கொல்றத நிறுத்துனாங்க. கொல்றத நிறுத்துனா மட்டும் போதுமா, பெத்துக்கிட்டே இருக்கே! நூறு நாயில எழுவதுக்கு ஊசி போட்டாலே விசர் பரவாதுன்னும் சொல்றாங்க. நம்ம லயத்துல இருக்குறது நூறு கூட இல்ல.

அதனால ராசா, ஒங்க காப்பகத்து டாக்டரோட நல்லாப் பழகு. எட்டு வாரம் ஒழுங்காப் போனா அவரு ஒன் பேரக் கேப்பாரு. அப்ப மெதுவாச் சொல்லு, கொஸ்லந்தயில தாத்தா ஒருத்தரு இருக்காரு, தியலும அருவி பாக்கலாம், காத்து நல்லாருக்கும், வர்றப்ப ஊசிப் பெட்டியையும் கருத்தடைச் சாமானையும் எடுத்துக்கிட்டு ரெண்டு நாள் வாங்கன்னு. நாய்ங்களப் புடிச்சுத் தர்றது என் பொறுப்பு, உன் பூட்டன் வேல எனக்குக் கொஞ்சம் கைவரும்.

டாக்டரோட வந்தா சூடா ரொட்டி, கட்டச் சம்பல், கருவாடு. தனியா வந்தா சீனி இல்லாத சாயத்தண்ணி மட்டுந்தான், இப்பவே சொல்லிட்டேன்.