மூட்டையைக் குத்திப் பாரு, ஆத்தா

ஆத்தா, ஒங்கப்பன் நேத்து போன் பண்ணி, "காலேஜ் லிஸ்ட்டு போட்டாச்சுப்பா, டைவர்சிட்டி நல்லா இருக்கிற இடமாப் பாத்துப் பொறுக்கியிருக்கோம்"னான். ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்த ஒங்க அப்பாயி வெத்தலை மெல்றதையே நிறுத்திட்டா. அமெரிக்காவுல, எடிசன்ல ஒங்க வீட்டுல நாங்க வந்து தங்கியிருந்தப்ப பாத்தோமே, சனிக்கெழமை சாப்பாட்டுக்கு வர்ற அத்தனை குடும்பமும் திருவாரூரு, தஞ்சாவூரு தாண்டாத குடும்பம். ஒரு நாளு கோயம்புத்தூருக்காரரு ஒருத்தரு வந்ததுக்கே, "அவுக கொஞ்சம் வேற மாதிரி"ன்னு ஒங்கம்மா அடுப்படியில வந்து முணுமுணுத்தா. அப்பேர்ப்பட்ட வீட்டுல மகளுக்கு டைவர்சிட்டி தேடுறாங்கன்னா நல்ல காலம் பொறந்துடுச்சுன்னுதானே அர்த்தம்?

தேடு, வேணாங்கல. ஆனா எங்க தேடுறேங்கிறதுதான் கேள்வி. அந்தக் குளிருல வெளிய போக முடியாம, ஒனக்குத் தபால்ல வந்து குமிஞ்ச காலேஜ் புத்தகத்தையெல்லாம் நான்தான் பொரட்டிக்கிட்டுக் கெடந்தேன். எல்லா அட்டையிலயும் ஒரே படம். ஒரு மரம். மரத்தடியில ஒரு வெள்ளைக்காரப் புள்ள, ஒரு கறுப்பினப் பையன், ஒரு சீனாக்காரப் புள்ள, முக்காடு போட்ட ஒரு பொண்ணு. நாலும் ஒரே லேப்டாப்பைப் பாத்துச் சிரிக்குது. அப்படி என்னதான் ஜோக்கு அந்த லேப்டாப்புல? நம்ம கொள்முதல் நிலையத்துல மூட்டையோட மேல்வாயில நல்ல நெல்லாத்தான் தெரியும். அதனாலதான் குத்தூசியை நடு மூட்டையில எறக்கி, வர்ற நெல்லை உள்ளங்கையில கொட்டிப் பாப்பாங்க. அட்டைப்படம் மூட்டையோட மேல்வாயி, அம்புட்டுதான்.

சந்தேகமா இருந்தா விஸ்கான்சின் கதையக் கேளு. 2000ஆம் வருசம், மேடிசன்ல இருக்கிற விஸ்கான்சின் பல்கலைக்கழகம் விண்ணப்பப் புத்தகம் போட்டுச்சு. அட்டையில ஃபுட்பால் மேட்ச் பாக்குற கூட்டம், அம்புட்டும் வெள்ளை மொகம். இது நல்லா இல்லையேன்னு வேற படத்துலேர்ந்து ஒரு கறுப்பின மாணவரோட தலையை வெட்டிக் கூட்டத்துக்குள்ள சொருகிட்டாங்க. அவரு நெசமாவே அங்க படிச்சவருதான். ஆனா அங்க ஒரு ஃபுட்பால் மேட்ச்சுக்கும் போனதில்லையாம்! அவரு மொகத்துல மட்டும் வெயில் வேற பக்கத்துலேர்ந்து அடிச்சா மாட்டிக்காம என்ன? பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டு, வேற அட்டை அடிச்சுச்சு. பக்கத்துல ஒக்கார ஆளைத் தேடுறதைவிடக் கத்திரிக்கோலைத் தேடுறது சுலபம்னு எவனோ நெனச்சிருக்கான்.

"படம் வேணாம் தாத்தா, நம்பர் இருக்கு"ன்னு நீ சொல்லுவே. இருக்கு. யு.எஸ். நியூஸ் பத்திரிகை 0லேர்ந்து 1 வரைக்கும் மார்க்கு போடுது. கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு புள்ளைங்களைத் தொட்டா, ரெண்டும் வேற வேற இனமா இருக்க வாய்ப்பு எம்புட்டுன்னு கணக்கு. எல்லாரும் ஒரே இனம்னா 0. ரெண்டு இனம் பாதிக்குப் பாதின்னா 0.5. கணக்குல குத்தமில்ல. ஆனா தொட்ட ரெண்டு புள்ளைங்களும் ஒண்ணுக்கொண்ணு மொகங்குடுத்துப் பேசுமான்னு அதுல வராது.

அப்புறம் அந்த இனக் கட்டம். ஒன்னைய ஆசியர்ங்கிற கட்டத்துல போடுவாங்க. சீனாக்காரன், பிலிப்பைன்ஸ்காரன், மின்னசோட்டாவுல இருக்கிற மோங் இனத்துச் சனம், மன்னார்குடிக்காரன் எல்லாரும் அதே கட்டம். சரி, ஒன் அத்தை மவன் கும்பகோணத்துலேர்ந்து எஃப்-1 விசாவுல அதே காலேஜுக்கு வந்தான்னு வையி. அவனை ஆசியர்ல சேக்க மாட்டாங்க, வெளிநாட்டு மாணவர்னு தனி வரிசை. ரெண்டு பேருக்கும் ஒரே கொள்ளுப்பாட்டி. ஒனக்கு இனம் உண்டு, அவனுக்குக் கெடையாது. இது என்ன புதுசா? 1923ல இந்தியாக்காரன் வெள்ளையன் இல்லைன்னு அந்த ஊரு சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு. 1970 சனத்தொகைக் கணக்குல நம்மளை வெள்ளையர்ல சேத்தாங்க. 1980ல ஆசியர் ஆயிட்டோம். அம்பது அறுவது வருசத்துக்குள்ள நம்ம தோலு என்ன பாடு பட்டுருக்கு பாரு.

2023 ஜூன் 29ஆம் தேதி அதே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தப்ப ஒங்கப்பன் கேசரி கிண்டச் சொன்னது ஞாபகம் இருக்கா? ஹார்வர்டும் வட கரோலினாப் பல்கலைக்கழகமும் ஆளைச் சேக்குறப்ப இனத்தைப் பாக்கக் கூடாதுன்னு தீர்ப்பு. "இனிமே மெரிட்டுதாம்ப்பா"ன்னு குதிச்சான். நான் ஒண்ணும் சொல்லல, கேசரி நல்லா இருந்துச்சு. ஆனா இவனைக் கிண்டி கவுன்சிலிங்குக்குக் கூட்டிக்கிட்டுப் போனவன் நான். பி.சி. கோட்டாவுல சீட்டு வாங்குனான். அந்தச் சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு நடந்து தேஞ்ச செருப்பு என் செருப்பு. நம்மூருல 69 சதவீதம் இடஒதுக்கீடுன்னு வெளிப்படையாச் சட்டம் போட்டு வச்சிருக்கு. அதுல ஏறித்தான் இவன் பிளேனே ஏறுனான். பிளேன்லேர்ந்து எறங்குனதும் மெரிட்டு வந்து கையைப் புடிச்சுக்கிச்சு!

தீர்ப்புக்குப் பொறவு சேந்த மொதல் செட்டைப் பாரு. எம்.ஐ.டி.யில ஆசியர் 40 சதவீதத்துலேர்ந்து 47க்கு ஏறுனாங்க, கறுப்பினத்தார் 13லேர்ந்து 5க்கு எறங்குனாங்க. யேல்ல ஆசியர் 30லேர்ந்து 24க்கு எறங்கிட்டாங்க. ஒரே தீர்ப்பு, ஒரே வருசம். அதுக்கப்புறம் ஒங்கப்பன் கேசரிப் பேச்சையே எடுக்கல. இதுல ஒரு வேடிக்கையக் கவனிச்சியா? காலேஜ்காரன் ஒன் கட்டத்தைப் பாக்கக் கூடாது. ஆனா அவன் கட்டத்தை நீ பாக்குறதுக்கு எந்தக் கோர்ட்டும் தடை போடல. அதனால நல்லாவே பாரு.

லிஸ்ட்டுல ஹோவர்டு இல்லையேன்னு கேட்டேன். போன்ல சத்தத்தைக் காணோம். அப்புறம், "அது கறுப்பர் காலேஜுப்பா"ங்கிறான். 1867லேர்ந்து வாஷிங்டன்ல நடக்குது. நமக்குப் பக்கத்து ஊரு துளசேந்திரபுரம், கமலா ஹாரிஸோட தாத்தா ஊரு. 2021ல அந்தம்மா துணை ஜனாதிபதி ஆனப்ப ஊரெல்லாம் கோலம், பட்டாசு. நம்ம ஊருப் பேத்தின்னு மார்தட்டுனவன் ஒருத்தனும் அது எங்க படிச்சுச்சுன்னு கேக்கல. அந்த ஹோவர்டுலதான், 1986ல பட்டம். யு.எஸ். நியூஸ் கணக்குல அந்த மாதிரி காலேஜுக்கு மார்க்கு கம்மியாத்தான் விழும். கரீபியன் தீவுக்காரன், ஆப்பிரிக்காக்காரன், அட்லாண்டாக்காரன் எல்லாரும் அந்தக் கணக்குல ஒரே ஆளு. டைவர்சிட்டி வேணும், ஆனா நம்ம புள்ள அதுல நூத்துல அஞ்சா இருக்கக் கூடாது, அடுத்தவன் புள்ளதான் அஞ்சா இருக்கணும். ஒங்கப்பன் ஆசை இம்புட்டுதான்.

காலேஜ் சுத்திப் பாக்கப் போறப்ப, பின்பக்கமாவே நடந்துக்கிட்டுப் பேசுறானே கைடு, அவனை விட்டுட்டு நழுவு. மத்தியானம் பன்னெண்டரைக்குச் சாப்பாட்டு ஹால்ல தட்டோட ஒக்காரு. யாரு யாரோட ஒக்காந்திருக்கான்னு பாரு. கறுப்பினப் புள்ளைங்க ஒரே மேசையில இருந்தா, "ஏன் இவங்க ஒதுங்குறாங்க"ன்னு ஒடனே கேட்டுடாத. பெவர்லி டேட்டம்னு ஒரு அம்மா 1997ல இதுக்குன்னே ஒரு புத்தகம் எழுதியிருக்காங்க. வெளிய படுற பாட்டுக்கு அந்த மேசைதான் அவங்களுக்குத் தெம்புன்னு சொல்றாங்க. வெள்ளைப் புள்ளைங்க ஒண்ணா ஒக்காந்தா யாரு கேள்வி கேக்குறா? எடிசன்ல சனிக்கெழமை சாப்பாட்டை யாரு கேட்டா? அப்படியே மேசை தொடைக்கிறது யாரு, வகுப்புல நின்னு பாடம் நடத்துறது யாருன்னும் ஒரு கண்ணு வச்சுக்க. அட்டையில சிரிச்ச மொகம் எங்க போயி வேலை பாக்குதுன்னு தெரியும்.

இன்னொண்ணு. உள்ள விட்ட கணக்கை எல்லாரும் பெருமையா அடிச்சுப் போடுவாங்க. ஆறு வருசத்துல எந்த இனத்துப் புள்ளைங்க எத்தனை சதவீதம் பட்டத்தோட வெளிய வந்தாங்கங்கிற கணக்கை அரசாங்கமே காலேஜ் வாரியா வெளியிடுது. காலேஜ் நேவிகேட்டர்னு தேடு, வரும். ஒரு இனத்துக்கும் இன்னொரு இனத்துக்கும் எடைவெளி பெருசா இருந்தா, ஏன்னு அவங்களையே கேளு. அதுக்கப்புறம் சிரிக்கிறாங்களான்னு பாப்பம்.

கடைசியா ஒன் கட்டுரை. தன் இனம் தன் வாழ்க்கையில என்ன பண்ணுச்சுன்னு புள்ளைங்க எழுதுனா அதைப் பாக்கலாம்னு தலைமை நீதிபதி ராபர்ட்ஸே தீர்ப்புல சொல்லியிருக்காராம். அதைப் புடிச்சுக்கிட்டு, ஓட்டு வீட்டுல கெழிஞ்ச வேட்டியோட ஏரு ஓட்டுற ஏழைத் தாத்தான்னு என்னைய எழுதியிருக்கியாமே? மாடி கட்டி வருசமாச்சு. ஏரு எங்க இருக்கு, டிராக்டர் நிக்குது வாசல்ல. வேட்டி ராம்ராஜ்.

சரி, எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும். ஆனா அனுப்புறதுக்கு முந்தி அதை ஒங்கப்பனுக்கு ஒரு தடவை சத்தமாப் படிச்சுக் காட்டு. டிராக்டருக்கு இன்னும் மூணு தவணை பாக்கி நிக்குது.