பேனல் ரூம் கேள்வி-பதில்

*ஷூ கம்பெனி மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், ஆம்பூர்*
கேள்வி: ஏ.சி., கம்ப்ரஸர், பாய்லர், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்ட மாதச் சந்தா கேட்கிறார்கள். சொந்த கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ள முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். ஸாபிக்ஸ், கிராஃபானா, நோட்-ரெட் என்ற மூன்று சாஃப்ட்வேர்களையும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் ஓரங்கட்டிய கம்ப்யூட்டர் போதும். லினக்ஸ் போட்டு, எஸ்.எஸ்.டி. மாட்டி, யு.பி.எஸ்.ஸில் சொருகுங்கள். ராஸ்பெரி பை வைத்தாலும் மெமரி கார்டை நம்பாதீர்கள். இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருந்தால் அது சீக்கிரம் மண்டையைப் போடும். சந்தா மிச்சம்தான், ஆனால் பேக்கப் எடுப்பவர் யார் என்று இப்போதே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். 'எல்லோரும் பார்த்துக்குவோம்' என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

*ஐ.டி. வேலையை விட்டு அப்பாவின் கம்பெனிக்கே திரும்பியவர், மேல்விஷாரம்*
கேள்வி: டாக்கரில் இன்ஸ்டால் செய்தேன். திரை அழகாக வருகிறது. ஒரு ஏ.சி. கன்ட்ரோலர்கூடத் தெரியவில்லை. சாஃப்ட்வேர் மோசமா?

பதில்: சாஃப்ட்வேர் மேல் பழி வேண்டாம். கட்டடக் கருவிகள் பேசும் பாக்நெட், 'யார் யார் இருக்கீங்க?' என்று நெட்வொர்க் முழுக்கக் கூவும். கேட்ட கருவிகள் 'நான் இருக்கேன்' என்று தம் நம்பரோடு பதில் சொல்லும். டாக்கரோ தன் வழக்கமான அமைப்பில் சாஃப்ட்வேரைத் தனி நெட்வொர்க்கில் அடைத்துவைக்கிறது. கூவல் வெளியே போவதில்லை. ஹோஸ்ட் நெட்வொர்க்குக்கு மாற்றிப் பாருங்கள்.

அப்போதும் வரவில்லையா? அதே கம்ப்யூட்டரில் ஏ.சி. கான்ட்ராக்டர் போட்டுவைத்த புரோகிராம் ஒன்று யு.டி.பி. 47808 போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஒரு போர்ட், ஒரு ஆள்தான். அதுவும் இல்லையென்றால், ஆபீஸும் ஷெட்டும் வெவ்வேறு சப்நெட்டில் இருக்கும். இந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது, தாண்டவைக்க பி.பி.எம்.டி. என்ற ஏற்பாடு வேண்டும். கன்ட்ரோலரிலேயே அந்த வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதுப்பெட்டி வாங்குங்கள். விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

*எலக்ட்ரீஷியன், வாணியம்பாடி*
கேள்வி: மீட்டரில் வோல்டேஜ் சரியாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் வாய்க்குள் நுழையாத மைனஸ் எண் வருகிறது. யாரை நம்புவது?

பதில்: மீட்டரை. மீட்டர் பேசும் மோட்பஸ்ஸில் ஒரு தசம எண் இரண்டு ரெஜிஸ்டரில் பாதி பாதியாக உட்கார்ந்திருக்கும். முன்பாதியும் பின்பாதியும் இடம் மாறினால் இந்தக் கூத்துதான். சோதிக்க ஒரு வழி: வோல்டேஜை விடுங்கள், ஃப்ரீக்வன்சியைப் படியுங்கள். நம் ஊர் கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் 50 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கும். அந்த எண் வரும்வரை வரிசையை மாற்றிப் பாருங்கள். மேனுவலில் 40001 என்று போட்டிருந்தால் சாஃப்ட்வேரில் பெரும்பாலும் 0 என்று கொடுக்கவேண்டும். இதிலேயே பாதிப்பேர் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள்.

*வயரிங் கான்ட்ராக்டர், பேரணாம்பட்டு*
கேள்வி: டிரம் மோட்டார் ஓடினால் மட்டும் சிக்னல் போய்விடுகிறது. ஏன்?

பதில்: டிரம்முக்கு டிரைவ் போட்டிருப்பீர்கள். அதன் பவர் கேபிளோடு ஆர்.எஸ். 485 சிக்னல் வயரையும் ஒரே ட்ரேயில் படுக்கவைத்திருப்பீர்கள். பிரித்துவிடுங்கள். ஒரு பெட்டியிலிருந்து நாலாபக்கமும் கிளை விடாமல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வரிசையாக இழுங்கள். இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர், நடுவில் கூடாது. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். சாஃப்ட்வேர் கோளாறு என்று வரும் புகார்களில் முக்கால்வாசி ஸ்க்ரூடிரைவரால் தீருகிறவை.

*தோல் கம்பெனி மேனேஜர், ராணிப்பேட்டை*
கேள்வி: சுத்திகரிப்பு நிலையத்தில் ஆன்லைன் மீட்டர் வைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கே எண்கள் போகின்றன. எங்களுக்குத் தனியாக வேறு எதற்கு?

பதில்: வாரியத்துக்குத் தெரிந்தது உங்களுக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரியவேண்டுமா?

இந்தப் பாலாற்றங்கரைக்கு அளவுக் கணக்கின் விலை தெரியும். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோல் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பாழானதும் அந்தத் தீர்ப்பிலேயே பதிவானவை. மாசு செய்தவரே ஈடு கட்டவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதியாக்கிய தீர்ப்பு அது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விழுந்தது. 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழில்களுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் ஆன்லைன் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடியும் தீர்ப்பளித்தது. கதை முடியவில்லை.

ஆகவே ஃப்ளோ மீட்டரின் கணக்கு உங்கள் டிஸ்க்கிலும் இருக்கட்டும். ஆர்.ஓ.வுக்குள் போன தண்ணீர் எவ்வளவு, திரும்ப வந்தது எவ்வளவு என்று நீங்களே தினம் பாருங்கள். ஆனால் வாரியத்துக்குப் போகும் வயரில் கை வைக்காதீர்கள். மீட்டர் சப்ளையரிடம் எழுத்தில் கேட்டு இரண்டாவது அவுட்புட் வாங்குங்கள். நல்ல எண்ணத்தில் வெட்டிய வயரும் ஆய்வுக்கு வருகிறவர் கண்ணுக்குத் தில்லுமுல்லாகத்தான் தெரியும்.

*ஓனரின் மகன், துபாயிலிருந்து*
கேள்வி: இங்கிருந்தே போனில் பார்க்க ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் மறுக்கிறார். திமிரா?

பதில்: அவருக்குச் சம்பள உயர்வு கொடுங்கள். பழைய பாக்நெட்டில் பெரும்பாலும் பாஸ்வேர்டு என்ற பேச்சே இல்லை. கதவைத் தட்டியவர் யாராக இருந்தாலும் கருவி கீழ்ப்படியும். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டு விவரங்கள் திருடுபோயின. திருடர்கள் முதலில் நுழைந்தது குளிர்சாதன கான்ட்ராக்டரின் பாஸ்வேர்டைக் கொண்டு. வயர்கார்டு போல ஒரு வி.பி.என். போட்டு அதன் வழியே பாருங்கள். உங்களுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் இருக்கட்டும். துபாயிலிருந்து பாய்லரை ஆன் செய்யவேண்டிய அவசியம் என்ன வந்தது?

*ஸ்டோர் கீப்பர், ஆம்பூர்*
கேள்வி: எல்லாக் கருவிக்கும் 'வேலூர் 1, வேலூர் 2' என்று பெயர் வைத்துவிட்டோம். தப்பா?

பதில்: 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததிலிருந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், அண்ணாச்சி. ஷெட், தளம், மெஷின் என்று பெயர் வையுங்கள். அரசாணை வந்தாலும் மாடிப்படி மாறாது.

*பெயர் வெளியிட விரும்பாத தொழிலாளி, ராணிப்பேட்டை*
கேள்வி: தொட்டியில் விஷவாயு வந்தால் இந்தக் கம்ப்யூட்டர் எங்களைக் காப்பாற்றுமா?

பதில்: காப்பாற்றாது. காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு டிடெக்டரும் சைரனும் நேராக வயரில் இணைந்திருக்கவேண்டும். நடுவில் வைஃபை, சர்வர், செல்போன் எதுவும் வரக்கூடாது. ஆபத்து வாயு மட்டுமல்ல. 2015 ஜனவரி 31 அன்று உங்கள் ஊரிலேயே கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் உயிர்விட்டார்கள். தொட்டியின் மட்டத்தைத் திரை காட்டும். நிரம்பிய தொட்டியில் இன்னும் ஊற்றாதே என்று சொல்லி நிறுத்த மனுஷன்தான் வேண்டும்.

*கைவசம் காசு குறைவாக உள்ளவர், வேலூர்*
கேள்வி: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: ஏற்றுமதி கோடவுனில் ஒரு ஈரப்பத சென்சார், கம்ப்ரஸருக்கு ஒரு மீட்டர். முதலாவது பூஞ்சை பிடித்துத் திரும்பிவரும் ஷூவைத் தடுக்கும். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை ஆளே இல்லாத ஷெட்டில் காற்றுக் கசிவுக்காக மட்டும் கம்ப்ரஸர் ஓடுவதைக் காட்டிக்கொடுக்கும். அலாரம் மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு ஆளின் போனுக்குப் போகட்டும். இதற்கெல்லாம் முன்னால் கன்ட்ரோலரில் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.