கோயம்புத்தூருக்குக் கடல் கொண்டுபோவது எப்படி

வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவருக்கு ஊர் மாற்றல் வந்தால், முதல் வேலை வாயைத் திறக்காமல் இருப்பது. மாற்றல் செய்தி வந்த அன்றே, "மீனெல்லாம் யாருக்காவது குடுத்துட்டுப் போயிடலாம்ல?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும். "பாக்கலாம்" என்று சொல்லிவையுங்கள். இந்த ஒரு சொல்லை வைத்து மூன்று வாரம் ஓட்டலாம். நான் ஓட்டினேன்.

என் தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 255 லிட்டர், எடை 260 கிலோவைத் தாண்டும். வேளச்சேரியில் இரண்டாம் மாடி. ஆட்டோவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருவான்மியூர்க் கடல். ஆனால் அந்தக் கடலிலிருந்து ஒரு சொட்டும் தொட்டிக்குள் வந்ததில்லை. கூவமும் அடையாறும் அதில் என்னென்ன கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்று தெரிந்த எவரும் எடுக்க மாட்டார். ஆர்.ஓ. தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைத்துத்தான் எங்கள் கடல். கடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாளியில் கடல் செய்கிற ஆளின் புத்திமதி இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

கிளம்புமுன் தொட்டியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள். கல்பவளங்கள், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாவற்றையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், சேர்த்தார்கள். கடைக்காரர் "எல்லாம் வளர்ப்புதான் சார்" என்று சொன்னது சோதனைச் சாவடியில் எடுபடாது. என்னிடம் இருந்தவை மென்பவளங்கள், செயற்கைப் பாறைகள், பண்ணையில் பொரித்த ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு பச்சைக் குரோமிஸ், நான்கடித் தொட்டியில் வளர்க்கக் கூடாது என்று தெரிந்தே வாங்கிய ஒரு நீல டாங். இதையெல்லாம் பட்டியல் போட்டு பர்ஸில் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

அடுத்து, எதை எடுத்துப்போவது என்ற கேள்வி. புதிதாக இந்தப் பைத்தியத்தில் விழுந்தவர்கள் தண்ணீரைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். தண்ணீர் போகட்டும், உப்பும் நேரமும் இருந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். கொண்டுபோக வேண்டியது அழுக்கை. மீனின் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் பாறையின் துளைகளிலும் ஃபில்டரின் செராமிக் வளையங்களிலும் குடியிருக்கின்றன. அவை இல்லாவிட்டால் மீன்கள் தம் கழிவாலேயே சாகும். அவற்றை ஈரம் காயாமல், பழைய தொட்டித் தண்ணீரிலேயே, மூடி போட்ட வாளியில் கொண்டுபோக வேண்டும். ஒரு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த அந்த வளையங்களை வாளியில் போட்டு பால்கனியில் வைத்துவிட்டு அட்டைப்பெட்டி வாங்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா பூரிப்போடு நிற்கிறாள்.

"எவ்வளவு பாசிடா! கையே வலிச்சுப் போச்சு. சோப்புப் போட்டுத் தேய்ச்சு மொட்டைமாடியில காய வெச்சிருக்கேன்."

வெள்ளை வெளேரென்று, மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன. ஆகவே வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வாளிமேல் "தொடாதே" என்று எழுதி ஒட்டுவதில் பயனில்லை. வாளியை ஒளித்து வையுங்கள். பாறைகள் மிஞ்சின. அன்றிரவு அவற்றோடு நான் ஹாலில் படுத்துக்கொண்டேன்.

பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கும் தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். இது கிண்டல் இல்லை. ஜோவாந்திட் எனப்படும் பொத்தான் போன்ற பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. பாறையைக் கொதிக்கவைத்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு தொடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

அடிமணலை விட்டுவிட்டுப் போவதே மரியாதை. கிளறினால் அடியில் தங்கிய கந்தக வாயு அழுகிய முட்டை நாற்றத்தோடு கிளம்பும். நான் கிளறினேன். பத்து நிமிடத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து செப்டிக் டேங்க்கை யார் திறந்தது என்று விசாரித்தார். நானும் அவரோடு சேர்ந்து விசாரித்தேன்.

போகிற ஊரில் ஒருநாள் முன்னதாகவே புதுக் கடல் தயாராக இருக்க வேண்டும். உப்பு முழுதாகக் கரைந்து, பம்ப் ஓடி, அடர்த்தி 1.025-ல் நிற்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல மச்சினன் தேவை. என் மச்சினனுக்கு ஒன்பது கிலோ உப்புக்கான விலையைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏனுங்க மாமா, தூத்துக்குடிக் கல்லுப்பும் கடல்ல இருந்துதானுங்க வருது? அதையே ரெண்டு மூட்டை போட்டாப் பத்தாதுங்களா?"

நியாயமான கேள்வி. உப்பளத்தில் கடல்நீர் காயும்போது சுண்ணாம்புச் சத்தெல்லாம் முதலிலேயே படிந்து ஒதுங்கிவிடும். பிறகு உப்பு விளையும். மக்னீசியம் மிகுந்த கடைசிக் கசப்புநீரை வடித்துவிடுவார்கள். சாம்பாருக்கு அதுதான் நல்லது. பவளத்துக்கோ லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியமும், 1,300 அளவில் மக்னீசியமும் வேண்டும். இதைச் சொல்லி முடித்ததும் அவன், "அப்ப சிறுவாணித் தண்ணியிலயா உப்பைக் கொட்டச் சொல்றீங்க?" என்றான். கோயம்புத்தூர்க்காரனிடம் இதைவிடப் பெரிய பாவத்தைச் செய்யச் சொல்ல முடியாது. அதிலும் குளோரின் போட்டிருப்பார்கள், ஆர்.ஓ.வில் விட்டு எடு என்றேன். பெருமூச்சு விட்டான், ஆனால் செய்தான்.

மீன் பிடிப்பது சுலபம் என்று நினைத்து நிறைந்த தொட்டிக்குள் வலையை விடுகிறவர்களுக்குக் கை வலி மட்டும் கிடைக்கும். பாறைகளை எடுத்து, தண்ணீரை அரையடிக்கு வடித்த பிறகுதான் வலை. இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிட வேண்டும். வழியில் கழிவு குறையும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். கொளத்தூரில் வண்ணமீன் கடைக்காரர்கள் இதை ரப்பர் பேண்டோடு அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். வீட்டில் நீங்கள் செய்தால் அரை நாள். டாங்குக்கு வாலடியில் கத்தி மாதிரி ஒரு முள் உண்டு, அதற்கு இரட்டைப் பை. கோமாளி ஜோடியில் பெரியது பெண். அது செத்தால் ஆண் பெண்ணாக மாறிவிடும் என்பதால், என்ன நடந்தாலும் அந்த வீட்டில் தலைவி இருப்பாள்.

சாமான் ஏற்ற வந்தவர்களின் தலைவர் அனுபவசாலி. "கால்வாசித் தண்ணி இருக்கட்டும் சார், மீன் பாட்டுக்கு வரும்" என்றார். கண்ணாடி மட்டுமே ஐம்பது கிலோ. உள்ளே தண்ணீர் அலையடித்தால் மூலைகளைப் பிடித்திருக்கும் சிலிக்கான் விட்டுக்கொடுக்கும். காலியாக, மெத்தைக்கு நடுவே நிற்க வைத்துத்தான் போக வேண்டும் என்றேன். "அப்ப பீரோ எங்க சார் போகும்?" என்றார். பீரோ அடுத்த வாரம் தனியாக வந்தது.

மே மாதம் என்றால் இரவுப் பயணம்தான். தெர்மாகோல் பெட்டிகள் காரின் பின் சீட்டில், ஏசியில். மனிதர்கள் மீதி இடத்தில். விக்கிரவாண்டியில் டீ குடிக்கக் குடும்பமே இறங்கலாம். ஒருவர் மட்டும் ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டியில் இருக்க வேண்டும். யார் என்று சீட்டுக் குலுக்க வேண்டாம், நீங்கள்தான். உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்புறம் ஒரு ரோந்து போலீஸ்காரர் டார்ச் அடித்து, "பெட்டியில என்ன, வஞ்சிரமா?" என்றார். "நீமோ சார்" என்றேன். "என் பொண்ணும் கேட்டுட்டே இருக்கு. என்ன விலை?" என்று ஆரம்பித்தவர் பத்து நிமிடம் விடவில்லை. குரோமிஸ் ஒன்று சேலத்தைத் தாண்டவில்லை. அதற்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கும் சம்பந்தம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

வந்து சேர்ந்தபின் செய்கிற தவறு, பையைத் திறந்துவைத்துச் சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர் விட்டு மீனை "பழக்குவது". கடையிலிருந்து அரை மணியில் வந்த மீனுக்கு அது சரி. பத்து மணி நேரம் மூடிய பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அம்மோனியாவின் நஞ்சு அடங்கிக் கிடக்கும். திறந்ததும் வாயு பறந்து பி.எச். ஏறும், நஞ்சு விழித்துக்கொள்ளும். ஆகவே மூடிய பையை மிதக்கவிட்டுச் சூட்டைச் சரிசெய்து, அடர்த்தி ஒத்துப்போகும்படி தொட்டியை முன்பே வைத்திருந்து, திறந்த கையோடு மீனை மட்டும் எடுத்து உள்ளே விடுங்கள். பைத்தண்ணீர் சாக்கடைக்கு. முதல் இரண்டு வாரம் தினமும் அம்மோனியா சோதனை, தீனி ஒரு சிட்டிகை. நான் முதலில் சோதித்தது மீனை விட்ட பிறகு, பீரோ வருவதற்கு முன்பு. சட்டைகள் எல்லாம் பீரோவில் இருந்ததால் ஒரே சட்டையில்.

பத்தாம் நாள் தண்ணீர் தெளிந்தது. பெண் கோமாளி என் விரலைக் கடித்தது; நலம் என்று அர்த்தம். அன்று மாலை வேளச்சேரி வீட்டு உரிமையாளர் போன் செய்தார். அட்வான்ஸைக் கணக்குப் பார்த்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார். பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை எப்போதும் பிடிப்பதுதான், இந்த முறை ஹால் சுவருக்கு இன்னொரு மாதமும் சேர்த்துப் பிடித்திருக்கிறாராம்.

"நாலடிக்கு உப்புப் பூத்துப்போய்க் கிடக்கு. நான் சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுக்குள்ள கருவாடு போட்டீங்களா?"