மெதுவாப் போ பேராண்டி, கொள்ளு உதிரணும்

வாப்பா பேராண்டி, இப்படி வேப்பமரத்து நெழல்ல உக்காரு. மூஞ்சியில ரத்தமே இல்ல. செம்புல தண்ணி இருக்கு, குடி. வண்டியை நான் பாத்துக்கிடுதேன், அது எங்கிட்டும் ஓடிராது.

ராசிங்கபுரத்துப் பக்கம் வரும்போதே உன் சத்தம் கேட்டுச்சு. போடிமெட்டுல 17 கொண்டை ஊசி வளைவையும் எறங்கிட்டு, தேவாரம் போற நேர் ரோட்டைக் கண்ட குஷியாக்கும்னு நெனச்சேன். மலையில பதவிசா வர்ற பயதான் நேர் ரோட்டுல கொடை சாயுவான். கையை ஆட்டிக் கத்துனேன். நீ பண்ணைப்புரத்துக்காரர் பாட்டைக் காதுல மாட்டிக்கிட்டு வந்தா கெழவன் கத்தல் எங்க ஏறும்?

ரோட்டுலயா கொள்ளைக் காயப்போடுவாகன்னு கேக்குற. நியாயந்தான். கெழக்க உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கம் போ. கம்பம் பள்ளத்தாக்குல முல்லைப் பெரியாத்துத் தண்ணி 14,707 ஏக்கர்ல பாயுது, இருபோகம் நெல்லு. நமக்கு மலையடிவாரம், பெரும்பாலும் மானாவாரி. சோளம், மொச்சை, எள்ளு, கொள்ளு. முந்தி களத்துல மாடு கட்டி மிதிக்கவிட்டோம். மாட்டை வித்தாச்சு, களம் பிளாட்டாப் போச்சு. அரசாங்கம் மட்டும் கறுகறுன்னு, வெயில்ல நல்லாச் சுடுற மாதிரி நீளமா ஒரு களத்தைப் போட்டு, அதுக்கு ரோடுன்னு பேரு வச்சிருக்கு. மிதிக்க நீங்கள்லாம் கூலி வாங்காம வாரீக. விடுவேனா?

சட்டப்படி தப்புதான், இல்லங்கல. வெள்ளைக்காரன் 1860-ல எழுதுன சட்டத்துல பொதுவழியை மறிச்சா 200 ரூபாதான் அபராதம். 2024 சூலையில வந்த புதுச் சட்டத்துல, 285-ஆம் பிரிவுல, 5,000 வரைக்கும் போடலாமாம். இம்புட்டையும் தூத்தி வித்தாலும் அம்புட்டுத் தேறுமான்னு தெரியல. ஹெல்மெட்டை டேங்க் மேல வச்சுக்கிட்டு வந்ததுக்கு உனக்கு 1,000. அதனால நாம ரெண்டு பேரும் போலீசுகிட்டப் பேசாம இருக்கிறதுதான் மரியாதை.

இங்க வந்து குனிஞ்சு பாரு. மேல கெடக்குறது காஞ்ச கொடி, ஒண்ணும் பண்ணாது. அதை வெலக்கு. அடியில பாத்தியா, நெத்து வெடிச்சு உதிர்ந்த கொள்ளு? தாருக்கும் டயருக்கும் நடுவுல அம்புட்டும் பேரிங் குண்டு. பிரேக்கு சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துறது தாரு. அந்தத் தாரே டயருக்கு எட்டலைன்னா? ஏபிஎஸ் இருக்குன்னு பீத்துற. 125 சிசிக்கு மேல உள்ள புது வண்டிக்கு 2019 ஏப்ரல்லருந்து அது கட்டாயம், நல்ல சமாச்சாரந்தான். சக்கரம் பூட்டிக்கிடாமப் பாத்துக்கிடும். இல்லாத பிடிமானத்தை அது எங்க போயி வாங்கியாரும்? அறுபதுல வந்தாலே செகண்டுக்கு 17 மீட்டர் ஓடும். நீ அறுபதுலயா வந்த? சரி விடு, கேக்கல.

தப்பிச்சதை உன் சாமர்த்தியம்னு ஊருக்குள்ள போயி அளக்காத. பயத்துல கை வெறச்சு பிரேக்கை மறந்துட்ட, ஹேண்டிலையும் ஒடிக்கல. ஆக்சிலேட்டர் தன்னால விட்டுருச்சு, வண்டி நேரா வந்து அங்கிட்டு வெறுந்தாருல ஏறிக்கிருச்சு. தெரியாமச் செஞ்சதை அடுத்த தடவ தெரிஞ்சு செய்யி. தூரத்துலயே வேகத்தைக் கொறச்சுரு. உள்ள ஏறிட்டா முன்பிரேக்கு பக்கம் வெரலே போகக்கூடாது, ஒடிக்கவும் கூடாது. ஓரத்துல கல்லு கெடக்கான்னு பாத்துக்க. அணைப்புக்குக் கல்லு வைக்கிறவன் பாவி. பொழுது சாஞ்சும் அள்ளாமப் போறவன் அவனைவிடப் பாவி, அவனை நானே திட்டுவேன். கார் வச்சிருக்கிற உன் கூட்டாளிக்கும் சொல்லு: கொடி அடியில சுத்தி, சைலன்சர் சூட்டுல தீப்பிடிச்ச காரும் உண்டு.

மெதுவாப் போன்னு சொல்லுறதுல எனக்கும் ஒரு காரியம் இருக்கப்பா, மறைக்க மாட்டேன். நிதானமா ஏறுனாத்தான் நெத்து ஒடைஞ்சு கொள்ளு அங்கயே உதிரும். நீ பறந்த பறப்புல பாதி வேலிக்குள்ள தெறிச்சுப்போச்சு. அந்தா பாரு, உங்க அப்பத்தா முள்ளுக்குள்ள கையை விட்டுப் பொறுக்கிக்கிட்டு இருக்கா. இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளும்பாக. நீ எந்த வகைன்னு அவளே சொல்லுவா, காதுல மாட்டியிருக்கிறதைக் கழட்டிட்டுக் கேளு.

வர்ற சனவரி 26 கிராமசபை. படிச்ச பய நீ, எங்க ஊராட்சிக்கு ஒரு உலர்களம் வேணும்னு நல்லா அழுத்தமா ஒரு மனு எழுதிக் குடு. மொதக் கைநாட்டு என்னுது. களம் வர்ற வரைக்கும் கொள்ளு இங்கதான் காயும், நீயும் இதே வழியிலதான் வரணும். அந்தச் சுளகை எடுத்துக் குடுத்துட்டுக் கெளம்பு. ஹெல்மெட்டைத் தலையில மாட்டு, நாப்பதைத் தாண்டாத.