தொட்டிலுக்கு ஒரு கும்பிடு

வள்ளலார் 1823-இல் பிறந்த வீட்டை, சிதம்பரத்தை அடுத்த மருதூரில், கண்ணும் கருத்துமாகக் காத்து வருகிறோம். தந்தை இறந்ததும் கைக்குழந்தையாகவே அங்கிருந்து கிளம்பிவிட்டவர் அவர். ஆகவே அந்தச் சுவர்கள் கேட்டது அழுகையைத்தான், அருட்பாவை அல்ல. பாடல்களில் பலவும் பிறந்தது சென்னை ஏழுகிணற்றின் நெரிசலிலும், கருங்குழியில் ஓர் அன்பரின் இல்லத்திலும். பிறந்த மண்ணுக்கென்று ஒரு மகிமை உண்டே என்பார்கள். உண்டுதான், கூடவே ஒரு வசதியும் உண்டு. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைப் படிப்பதைவிடத் தொட்டில் கிடந்த இடத்தில் ஒரு கும்பிடு போடுவது சுலபம். ஆளைக் காட்ட வீடாவது வேண்டாமா, வெறும் புத்தகத்தை நம்பி யார் வருவார்கள் என்று கேட்டால், கடலூர் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. அருட்பா அச்சேறிய அதே 1867-இல் வடலூர் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் 'தொடாதீர்' என்று பலகை மாட்ட எந்தத் துறையாலும் முடியாது, உலை கொதித்துக்கொண்டிருக்கிறது. மருதூருக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போய் வாருங்கள். அப்படியே வடலூர்ப் பந்தியிலும் உட்காருங்கள், நுழைவுச்சீட்டு கிடையாது.